கட்டுப் போட்ட காலுக்குத்தான் மரியாதை

1. முதல் நாள்

விளையாட்டு மருத்துவம் படித்தவள், வேலையில் சேரப் போகிற அன்றைக்கே பேருந்தில் வாந்தி எடுக்கக் கூடாது. நான் எடுத்தேன். அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் சாப்பிட்ட இட்லி, கொல்லிமலையில் பாதி ஏறுவதற்குள் ஜன்னல் வழியாகப் போய்விட்டது. கொண்டை ஊசி வளைவுகள் முடிகிறபாடாக இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் மடியிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து என் கையில் திணித்தார்.

"மோந்துக்கிட்டே வாங்க கண்ணு. மலைக்கு எதுக்கு, கோயிலுக்குங்களா?"

"இல்லம்மா. செம்மேட்டுக்கிட்ட புதுசா விளையாட்டு மருத்துவ மையம் திறந்திருக்காங்க. அதுக்கு நான்தான் டாக்டர்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வெளையாடறதுக்கு எதுக்குங்க டாக்டரு?" என்றார்.

இதைக் கேட்ட முதல் ஆள் அவர் இல்லை. நாகர்கோவிலில் என் அப்பா கேட்டார். கல்யாணமான புதிதில் மாமியார், "அப்போ நீ நெஜ டாக்டர் இல்லையா?" என்று இன்னும் நேரடியாகக் கேட்டார். இப்போது, இந்தத் துறைக்கு வர ஆசைப்படும் பிள்ளைகள் வேறு மாதிரி கேட்கிறார்கள்: "மேடம், எந்த டீம் கூட இருந்தீங்க?" தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்த்து வந்த ஆசை அது. ஆட்டக்காரர் தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்ததும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடுகிறாரே ஒருவர், அவராக வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. என்னோடு படித்த ஒருவன் அப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறான். வெளிநாட்டு ஓட்டல்களின் நீச்சல் குளத்தோரம் நின்று எங்கள் குழுவுக்குப் படம் அனுப்புவான். நான் பதிலுக்குப் பலாப்பழத்தின் படம் அனுப்புவேன்.

அந்த மையம் உண்டான கதையையும் சொல்லிவிட வேண்டும். ஒரு பெரிய அதிகாரி குடும்பத்தோடு மலைக்கு வந்திருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டு மேட்டில் ஓடிப்போகிற பிள்ளைகளைக் கார் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறார். மழை வருகிறதே என்று ஓடிய பிள்ளைகள் அவர்கள். அவருக்கு அது ஒலிம்பிக்காகத் தெரிந்துவிட்டது. மலைப் பிள்ளைகளுக்கு நுரையீரலே பெரிது என்று அடுத்த கூட்டத்தில் பேசினார். அறிவிப்பு வந்தது, கட்டடம் வந்தது, திறப்பு விழா நடந்தது. மைதானம் மட்டும் வரவில்லை. கேட்டபோது, அது வேறு துறை என்றார்கள்.

2. ஒரே இடத்தில் நடக்கும் இயந்திரம்

மையத்தில் என்னைத் தவிர இருந்த ஒரே ஊழியர் வரதராஜ். உள்ளூர்க்காரர், ஐம்பதை நெருங்கியவர், எதற்கும் அசராதவர். முதல் நாளே எனக்குப் பொருட்களைச் சுற்றிக் காட்டினார்.

"இது ஐஸ் தொட்டிங்க மேடம். இதுக்குள்ள ஐஸ் கொட்டிப்போட்டு ஆளு உக்காரணுமாம். மார்கழியில இங்க நாங்க சுடுதண்ணியிலயே நடுங்கிக்கிட்டுத்தான் குளிப்போம். எவன் உக்காருவானுங்க?"

அடுத்தது டிரெட்மில். பளபளவென்று, பாலிதீன் உறையைக்கூட எடுக்காமல் நின்றுகொண்டிருந்தது. மின்சாரம் போதாமல் ஓடவில்லை என்றார். ஓடினால் என்ன செய்யும் என்பதை நான் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்போ நடக்கறவன் நடந்துக்கிட்டே இருப்பான், ஆனா அங்கேயேதான் நிப்பானுங்களா?"

"ஆமா."

"இதுக்கு ரேசன் கடைக்கு நடந்தா அரிசியாச்சும் வந்து சேருமுங்க."

எனக்குக் கோபம் வந்தது. சொன்னதில் தப்பும் கண்டுபிடிக்க முடியவில்லை. கோபம் அதனாலேயே கொஞ்சம் அதிகமாக வந்தது.

முதல் மாதத்தில் ஒரு விளையாட்டு வீரர்கூட வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் வேலை செய்கிறவர்கள். மிளகு பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறி, கொடி படர்ந்த சில்வர் ஓக் மரத்திலிருந்து விழுந்தவர்கள். மரவள்ளியை இங்கே குச்சிக்கிழங்கு என்பார்கள். அதைப் பிடுங்கிப் பிடுங்கி முழங்கை போனவர்கள். அந்த முழங்கை வலிக்குப் புத்தகத்தில் 'டென்னிஸ் எல்போ' என்று பெயர். டென்னிஸ் மட்டையைக் கண்ணால்கூடப் பார்த்திராத அறுபது வயது மனிதருக்கு அந்தப் பெயரைச் சொன்னேன். மறுநாளே ஊரில் தனக்கு ஏதோ சீமை வியாதி வந்திருப்பதாகப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மேலிடத்திலிருந்து தொலைபேசி வந்தது. "டாக்டர், விவசாயிகளைப் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கு. நீங்க பிளேயர்ஸைப் பாருங்க."

"பிளேயர்ஸ் யாரும் வரலியே சார்."

"அடிபட்டா வருவாங்க. அடிபடற மாதிரி போட்டிகள் நடத்த ஏற்பாடு பண்றோம்."

வேடிக்கைக்காக நான் கூட்டிச் சொல்லவில்லை. அப்படியே சொன்னார்.

3. கோகிலா

போட்டி எதுவும் நடப்பதற்கு முன்னாலேயே எனக்கு ஒரு வீராங்கனை கிடைத்தாள். மலையிலேயே திருப்புலி நாடு என்கிற ஊராட்சிப் பக்கத்திலிருந்து வந்தவள், பத்தாம் வகுப்பு, பெயர் கோகிலா. அழைத்து வந்தவர் அவளுடைய பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் சண்முகசுந்தரம். ராசிபுரம் பக்கத்துக்காரர். கழுத்தில் விசிலும், இடுப்பில் நோயாளியைவிடப் பெரிய தொந்தியுமாக வந்தார்.

"மேடம், இது என் தயாரிப்பு. ஆயிரத்து ஐநூறு மீட்டர். மாவட்டத்துல இவளை அடிக்க ஆள் கிடையாது. காலு சித்தெ வலிக்குதுங்கறா. ஒரு ஸ்பிரே அடிச்சு உடுங்க, கூட்டிட்டுப் போறேன்."

"நீ சொல்லும்மா. எங்க வலிக்குது?"

அந்தப் பெண் குனிந்து, வலது கணுக்காலுக்கு மேலே, முன்னெலும்பின் உள்பக்கத்தில் ஒரே ஓர் இடத்தை ஆள்காட்டி விரலால் தொட்டாள். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

இளைய மருத்துவர்களுக்கு இந்த ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். ஓடுகிற பிள்ளை உள்ளங்கையால் கால் முழுக்கத் தடவிக் காட்டினால் பெரும்பாலும் தசை வலி, பயப்பட வேண்டாம். ஒற்றை விரலால் தொட்டுக் காட்டினால் எலும்பைச் சந்தேகப்படு. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அதிர்ச்சி விழுந்து, எலும்பில் மயிரிழைபோல ஒரு விரிசல் தொடங்கும். அதைத்தான் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்கிறோம். ஓய்வு கொடுத்தால் தானாகக் கூடிவிடும். கொடுக்காவிட்டால் ஒரு நாள் ஓட்டத்தின் நடுவில் எலும்பு முழுசாக முறியும்.

கீழே அனுப்பி எக்ஸ்ரே எடுத்தோம். ஒன்றுமே தெரியவில்லை. ஆரம்பத்தில் தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் சண்முகசுந்தரம் ஃபிலிமைத் தலைகீழாகப் பிடித்து வெயிலில் காட்டிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி மாதிரி இருக்கே மேடம்!" என்றார். சேலத்தில் எனக்குத் தெரிந்த ஒருவரைப் பிடித்து எம்.ஆர்.ஐ. எடுக்க வைத்தேன். அதில் விரிசல் இருந்தது. ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்று சொன்னேன்.

"இவளுக்கு என்ன மேடம் ஸ்ட்ரெஸ்ஸு? நானில்ல ஸ்ட்ரெஸ்ல இருக்கேன்!"

அவர் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. ஆறு வாரத்தில் விளையாட்டு விடுதிக்குத் தேர்வு ஓட்டம். தேறினால் கீழே தங்கிப் பன்னிரண்டாவது வரை படிப்பு, சாப்பாடு, பயிற்சி எல்லாம் கிடைக்கும். அடுத்த வருடம் என்றால் அவளுக்கு வயது தாண்டிவிடும். தேறாவிட்டால் என்ன ஆகும் என்பதை, உடன் வந்து ஓரமாக நின்றிருந்த அவள் அம்மா பாப்பாத்தி சொன்னார். "பத்தாவது முடிஞ்சதும் நூல் மில்லுக்கு அனுப்பிரலாம்னு எந்தம்பி பேசி வெச்சிருக்கானுங்க. வேன் ஊட்டுக்கே வருமாமுங்க." கோகிலா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த வேன் வேண்டாம் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

கணக்குப் போட்டேன். உடனே ஓய்வு ஆரம்பித்தால் நான்கு வாரத்தில் எலும்பு தேறும், அடுத்த இரண்டு வாரத்தில் மெல்ல ஓட்டத்துக்குக் கொண்டுவரலாம். இழுபறிதான், ஆனால் முடியும்.

"நாளையிலிருந்து ஓடக் கூடாது" என்றேன். "காலையிலும் கிடையாது, சாயங்காலமும் கிடையாது. புரிஞ்சுதா?"

மூவரும் தலையாட்டினார்கள். அவ்வளவு ஒற்றுமையாக நோயாளி தரப்பு தலையாட்டினால் சந்தேகப்பட வேண்டும். அன்று எனக்கு அது தோன்றவில்லை.

4. யாரும் ஓடவில்லை

இரண்டு வாரம் கழித்து வந்தவள் நொண்டிக்கொண்டு வந்தாள். தொட்டால் முன்பைவிட வலித்தது. "ஓடினியா?" என்றேன். "இல்லீங்க மேடம், சத்தியமா ஓடலீங்க" என்றாள். அவள் பொய் சொல்கிற பிள்ளை இல்லை. எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை.

மறுநாள் வரதராஜை அழைத்துக்கொண்டு ஜீப்பில் அவள் ஊருக்கே போனேன். சாலை முடிந்த இடத்தில் கிழங்கு லாரி நின்றிருந்தது. கீழே காட்டிலிருந்து வரிசையாகப் பெண்கள் மூட்டை சுமந்து ஏறி வந்தார்கள். ஒரு மூட்டைக்கு அடியில் எனக்குத் தெரிந்த கால் வந்தது. வலது காலைக் கொஞ்சம் சாய்த்து வைக்கிற கால்.

"கோகிலா!"

மூட்டை திரும்பியது. "மேடம், வாங்க மேடம். நான் ஓடலீங்க, நடந்துதான் வாரேன்."

பின்னாலேயே இன்னொரு மூட்டையோடு வந்த பாப்பாத்தி, மூச்சிரைக்கச் சிரித்தார். "நீங்க சொன்ன மாதிரியேதானுங்க டாக்டரம்மா. காலையில பிராக்டீசு இல்ல, பொழுதோட பிராக்டீசு இல்ல. புள்ள சும்மாத்தான இருக்குது. அறுவடை நேரமுங்க. ஆளு கெடைக்கறதில்ல."

நேராகப் பள்ளிக்கூடம் போய் சண்முகசுந்தரத்தைப் பிடித்தேன். அவர் மார்பில் கை வைத்துச் சொன்னார்: "மேடம், நீங்க சொன்ன நாளிலிருந்து ஒரு ரவுண்டு ஓட விட்டிருந்தா என்னைக் கேளுங்க. அவ்வளவு ஏன், ஆண்டு விழாவுக்குச் சாக்கு ஓட்டத்துலகூடச் சேக்கல. சும்மாதானே இருக்கான்னு ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு கிரவுண்டு ரோலர் இழுக்கச் சொன்னேன், அவ்வளவுதான்."

பெரிய அதிகாரியின் அலுவலகமும் சும்மா இருக்கவில்லை. ஏதோ ஒரு விழிப்புணர்வு ஊர்வலத்துக்கு, செம்மேட்டைச் சுற்றிக் கொடி பிடித்து முன்னால் நடக்க அவளை அழைத்திருந்தார்கள். ஓட்டம் இல்லை, நடைதான் என்று தெளிவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அழைத்தார்களாம்.

அன்று ஜீப்பில் திரும்பும்போது வரதராஜிடம் கத்தினேன். பாவம், அவர் ஒன்றும் செய்யவில்லை. பக்கத்தில் இருந்தார், அவ்வளவுதான். "ஓடாதேன்னா ஓய்வெடுன்னு அர்த்தம். இதுகூடத் தெரியாதா ஒருத்தருக்கும்?"

"ஓய்வுன்னா என்னங்க மேடம் பண்றது?" என்று கேட்டார் அவர். கேலிக்காக இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அப்போது சாலையோர டீக்கடை முன்னால் கயிற்றுக் கட்டிலில் ஓர் ஆள் சாய்ந்திருப்பதைப் பார்த்தேன். மிளகு பறிக்கும்போது விழுந்து கை ஒடிந்தவர், என் நோயாளிதான். முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு. கட்டுப் போட்ட கையை ஒரு தலையணைமேல் வைத்திருந்தார். எதிரே நான்கு பேர் நலம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மனைவிக்கு இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன, அவரும் என் நோயாளிதான். காட்டிலிருந்து வந்த சுமையை இறக்கி வைத்துவிட்டுக் கணவருக்கு டீயை ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

இத்தனை வருடப் படிப்பில் எனக்குக் கிடைக்காத பாடம் அந்தக் கட்டிலில் படுத்திருந்தது. இந்த மலையில் வலிக்கு மதிப்பில்லை. கட்டுக்குத்தான் மதிப்பு.

5. மாவுக்கட்டு

அடுத்த நாள் கோகிலாவை மையத்துக்கு வரச் சொன்னேன். முழங்காலுக்குக் கீழிருந்து விரல் வரை மாவுக்கட்டுப் போட்டேன். புத்தகப்படி அந்த விரிசலுக்கு அது தேவையில்லை. என் பேராசிரியர் பார்த்திருந்தால் என் பட்டத்தைத் திரும்பக் கேட்டிருப்பார். கட்டினால் ஆடுசதை இளைத்துப் போகும், மறுபடி தேற்றப் பாடுபட வேண்டும். எல்லாம் தெரிந்துதான் போட்டேன். மூட்டை சுமப்பதைவிட அது மேல்.

சாதாரணமாக வைக்கிற பஞ்சைவிட ஒரு சுற்று அதிகமாகவே வைத்து, பார்க்கக் கனமாக இருக்கும்படி கட்டினேன். வரதராஜ் தள்ளி நின்று பார்த்துவிட்டு, "இன்னொரு சுத்து சுத்துங்க மேடம், பாக்க எடுப்பா இருக்கும்" என்றார். சுற்றினேன்.

அதன் பலனை மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன். அதே வீடு, அதே அறுவடை. கோகிலா வாசலில் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து முட்டை வந்திருந்தது. பூசாரி வந்து நெற்றியில் ஒரு கோடும் கட்டின்மேல் ஒரு கோடுமாகத் திருநீறு பூசிவிட்டுப் போயிருந்தார். வகுப்புப் பிள்ளைகள் கட்டு முழுக்கப் பேனாவால் பெயர் எழுதியிருந்தார்கள். சண்முகசுந்தரம் வந்து கட்டோடு சேர்த்துப் படம் எடுத்து, 'என் மாணவியின் தியாகம்' என்று வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்.

நூல் மில் பேசி வைத்த தாய்மாமன் நான் இருக்கும்போதே வந்தார். குனிந்து, விரலை மடக்கிக் கட்டைத் தட்டிப் பார்த்தார்.

"கெட்டியாத்தான் இருக்குது. ரொம்ப ஒடஞ்சிருச்சுங்களா?"

"ரொம்ப" என்றேன்.

"அப்போ சரிங்க. புள்ள படுத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, தானே ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு லாரிப் பக்கம் போனார். எம்.ஆர்.ஐ. ஃபிலிமை நான் இந்த மனிதர் வீட்டுச் சுவரில் மாட்டி வைத்திருந்தாலும் அவர் அந்த மூட்டையைத் தொட்டிருக்க மாட்டார்.

6. ஊசி

மூன்று வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தேன். விரலால் அழுத்தினேன். முகம் சுளிக்கவில்லை. எலும்பு கூடியிருந்தது. ஆனால் கால் இளைத்து, இன்னொரு காலின் தங்கைபோல இருந்தது. தேர்வு ஓட்டத்துக்கு ஒரு வாரம்தான் மிச்சம். தொடக்கத்தில் போட்ட கணக்கில் இரண்டு வாரத்தைக் கிழங்கு மூட்டை தின்றுவிட்டது.

"இப்போ ஓடினா மறுபடி விரிசல் விடும்" என்றேன்.

சண்முகசுந்தரம் குரலைத் தாழ்த்தினார். "மேடம், ஒரே ஒரு ஊசி. வலி தெரியாத ஊசி இருக்காமில்ல? ஓடி முடிக்கட்டும். பொறவு எத்தனை மாசம் வேணும்னாலும் கட்டிப் போடுங்க."

அன்று மாலையே பெரிய அதிகாரியும் கூப்பிட்டார். "டாக்டர், ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் ஒண்ணு கொடுத்துடுங்க. நம்ம சென்டரோட முதல் சாதனை. உங்க பேரும் வரும்."

இந்தத் துறையில் ஊசி கேட்காத மேலதிகாரியை நீங்கள் பார்க்கப்போவதில்லை. பெரிய அணிகளிலும் இதே ஊசிதான், குரல்தான் இன்னும் இனிமையாக இருக்கும். இருவரிடமும் முடியாது என்று சொல்வதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. கெட்ட பெயர் எனக்குப் பழகிப்போன ஒன்று.

சிரமம் மூன்றாவது ஆளிடம் வந்தது. கோகிலா தனியாக வந்து என் முன்னால் உட்கார்ந்தாள்.

"ஊசி போட்டா ஓடலாமுங்களா மேடம்?"

"ஓடலாம். பாதி தூரம் ஓடுவே. அப்புறம் எலும்பு ரெண்டாப் போயிடும்."

யோசித்தாள். "பாதிக்கு மேல போனாப் போதுமுங்களா, செலக்சனுக்கு?"

அவள் பேரம் பேசவில்லை, கணக்குப் பார்த்தாள். ஒரு பக்கம் கால், இன்னொரு பக்கம் வேன். பதினைந்து வயதில் ஒரு பிள்ளை போடக் கூடாத கணக்கு அது. இல்லை கண்ணு, போதாது, போட மாட்டேன் என்றேன். சத்தமில்லாமல் அழுதாள். தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். குடிக்காமலே போனாள். அவள் போன பிறகு நானும் அழுதேன். அன்றைக்கு அந்த மையமே எனக்கு வெறுத்துப் போயிற்று.

7. அரசாங்க மருந்து

தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் அலுவலகத்திலிருந்து செய்தி வந்தது. தேர்வைத் தொடங்கி வைக்க வேண்டிய சிறப்பு விருந்தினருக்குத் தேதி ஒத்துவரவில்லை, தள்ளிவைக்கிறோம் என்றார்கள்.

நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன். "வரதராஜ், அந்த டிரெட்மில் உறையைக் கிழிங்க!"

இளைத்த காலை ஓட்டத்துக்குத் திரும்பக் கொண்டுவரும்போது முதலில் சமதளத்தில்தான் பழக்க வேண்டும். இறக்கத்தில் ஓடினால் முன்னெலும்பில் அதிர்ச்சி கூடும். கொல்லிமலையில் சமதளத்துக்கு எங்கே போவது? பள்ளி மைதானமே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், பந்து தானாக உருண்டுபோய்த் தோட்டத்தில் விழும். அந்த வட்டாரத்தில் சமமாக இருந்த ஒரே இடம் டிரெட்மில்லின் பட்டைதான். விடியற்காலையில் மோட்டார்கள் ஓடாததால் மின்சாரம் போதுமான அளவு வரும் என்று வரதராஜ் கண்டுபிடித்துச் சொன்னார். அந்த நேரத்தில் கோகிலா வந்தாள். முதலில் நடை, பிறகு ஒரு நிமிட ஓட்டம், பிறகு இரண்டு நிமிடம். வரதராஜ் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "எங்கயும் போவாம இப்படி ஓடுதே சாமி" என்று ஒவ்வொரு நாளும் ஆச்சரியப்பட்டார்.

இரண்டாவது தேதிக்கு மழை வந்தது. மூன்றாவது தேதிக்கு மைதானத்தில் பொருட்காட்சி நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தள்ளிவைப்புச் செய்திக்கும் மற்ற ஊர் ஆசிரியர்கள் அரசாங்கத்தைத் திட்டினார்கள். நான் மட்டும் கைகூப்பினேன். இத்தனை வருடப் பணியில், எலும்பு முறிவுக்கு நிர்வாகத் தாமதத்தைப் போல நல்ல மருந்தை நான் பார்த்ததில்லை. பக்க விளைவே கிடையாது.

கடைசியில் ஓட்டம் நடந்தபோது கோகிலா முதலாவதாக வரவில்லை, நான்காவதாக வந்தாள். ஆறு பேரை எடுத்தார்கள். வலித்ததா என்று கேட்டேன். "காலு வலிக்கலீங்க மேடம், நெஞ்சுதான் வலிச்சுது" என்று மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

மலையில் பாராட்டு விழா நடந்தது. பெரிய அதிகாரி தன் தொலைநோக்கைப் பற்றிப் பேசினார். சண்முகசுந்தரம் தன் பயிற்சியைப் பற்றிப் பேசினார். தாய்மாமன்கூட மைக் பிடித்து, படிப்பின் அருமையைப் பற்றிப் பேசினார். கோகிலாவைப் பேச விடுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

8. பாப்பாத்தி

அவள் விடுதிக்குப் போய் ஒரு மாதம் இருக்கும். ஒரு மத்தியானம் பாப்பாத்தி மையத்துக்கு வந்தார். மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்துபோனேன்.

"அவ நல்லாருக்குறாளுங்க. ஞாயித்துக்கிழமை போனு பண்ணுனா. மத்தியானத்துல தூங்கச் சொல்றாங்களாமுங்க அங்க! தூங்காட்டி திட்டறாங்களாமா!" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு கதவைப் பார்த்தார், வரதராஜைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார்.

"ஏனுங்க டாக்டரம்மா, எனக்கு ஒண்ணும் ஒடையலீங்க."

"சரி."

"ஆனா ஒரு கட்டுப் போட்டு உடுங்களேன்."

நான் சிரிக்க ஆரம்பித்தேன். அவர் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டேன்.

"புள்ளயோட சுமையும் எங்கிட்ட வந்துருச்சுங்க. ஒடம்பு முடியலீங்க. முடியலன்னு சொன்னா, எங்க முடியலன்னு கேக்குறாங்க. எதைங்க காட்டுறது?"

பரிசோதித்தேன். முழங்கால் இரண்டும் தேய்ந்திருந்தன. தோளைத் தூக்க முடியவில்லை. இடுப்பை அழுத்தியபோது எங்கே வலிக்கிறது என்று கேட்டேன். அவர் ஒற்றை விரலால் தொட்டுக் காட்டவில்லை, உள்ளங்கையால் தடவியும் காட்டவில்லை. இரண்டு கையையும் விரித்து, உடம்பு முழுக்க என்பதுபோல ஒருமுறை காட்டிவிட்டுக் கையைத் தொங்கவிட்டார்.

இரண்டு வாரம் ஓய்வு என்று சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். எழுதினால் அது கிழங்கு மூட்டைக்கு அடியில் போகும். ஒரு விளையாட்டு வீராங்கனையாக இருந்திருந்தால் இவரை எந்தக் கேள்வியும் இல்லாமல் படுக்க வைத்திருப்பேன். பாப்பாத்தி சுமக்கிற எடையை எந்தப் பயிற்சியாளரும் எந்தப் பெண்ணுக்கும் கொடுத்ததில்லை.

"எந்தக் கையில போடட்டும்?" என்றேன்.

அதை அவர் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார். "எடது கையிலீங்க. திங்கறதுக்குச் சோத்தாங்கை வேணுமில்லீங்களா."

வரதராஜ் ஒன்றும் கேட்காமல் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். மாவுத்துணியை நனைத்துப் பிழிந்து, விரலிலிருந்து முழங்கை வரைக்கும் சுற்றினேன். எடுப்பாகத் தெரிய இன்னொரு சுற்று, இந்த முறை வரதராஜ் சொல்லாமலே சுற்றினேன். கட்டுக் காய்கிறவரை ஆடாமல் படுத்திருங்கள் என்று கட்டிலைக் காட்டினேன். "பகல்லயா?" என்று கூச்சப்பட்டவர், மெல்லப் படுத்தார். கையைக் கழுவிவிட்டுத் திரும்பி வருவதற்குள் தூங்கிப் போயிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. அந்த முகத்தில் கோகிலாவின் சாயல் இருப்பதை அன்றுதான் பார்த்தேன்.

"கட்டுக் காஞ்சிருச்சுங்க மேடம். எழுப்பட்டுங்களா?" என்றார் வரதராஜ்.

"இன்னும் காயலை" என்றேன்.

அடுத்த வாரத்திலிருந்து பெண்கள் வரத் தொடங்கினார்கள். அறுவடை முடிகிற வரைக்கும், சரியாக ஒன்றும் உடையாத இடது கைகள். பஞ்சும் மாவுத்துணியும் தீர்ந்து போக, மேலும் கேட்டு எழுதினேன். பெண்களின் வருகை அதிகரித்திருப்பதைப் பெரிய அதிகாரி பாராட்டினார், எந்த விளையாட்டு என்று மட்டும் கேட்டார். பளு தூக்குதல் என்றேன். அவர் மகிழ்ந்து போனார்.

இந்தத் துறைக்கு வரப்போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டிய பாடம் ஒன்றுதான். வருகிறவரிடம் என்ன விளையாடுகிறாய் என்று கேட்பதற்கு முன்னால், பகலில் கடைசியாக எப்போது படுத்தாய் என்று கேளுங்கள். பதில் தெரியாமல் விழிக்கிறவர் எந்த மைதானத்துக்கும் போகாவிட்டாலும் உங்கள் நோயாளிதான். மாவுத்துணியைக் கொஞ்சம் கூடுதலாகவே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.